வரப்பில் துளை போடுவது குளவி இல்லை

பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்ட வரப்பில் துளை போடும் பூச்சியின் படத்தைப் போட்டு, "இது குளவி, தேனீ என்றால் அடை கட்டும், ராணி இருக்கும். துளையில் மருந்து ஊற்றுங்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து ஊற்றாதீர்கள். வயிற்றில் பளிச்சென்று நீலப் பட்டைகள் தெரிகின்றன. அது நீலவரித் தேனீ.

உலகில் அறியப்பட்ட தேனீ இனங்கள் 20,000-க்கும் மேல். பெரும்பாலானவை தனித்தே வாழ்பவை, அவற்றிலும் நிறைய மண்ணில்தான் குடியிருக்கும். அஞ்செட்டிக் காட்டில் மலைத்தேனீ அடையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதாகத் தெரியலாம். இங்கே ராணி, வேலைக்காரி எதுவும் கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் தனக்கென்று வளை தோண்டி, அறைக்குள் மகரந்தமும் தேனும் வைத்து, முட்டையிட்டு மூடிவிடும். பக்கத்துப் பக்கத்தில் தோண்டுவதால் கூட்டம் போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

தக்காளிப் பூவில் மகரந்தம் குழாய்க்குள் அடைபட்டிருக்கும். நீலவரித் தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கத்தரிக்கும் இதே கதைதான். கையில் பிடித்து நசுக்கினால் கொட்டும், மற்றபடி ஆளைத் துரத்தாது. துளைகள் இருக்கும் வரப்பை மட்டும் கொத்தாமல் விடுங்கள். அப்புறம், பூத்திருக்கும்போது காலை நேரத்தில் மருந்தடிக்காதீர்கள்.