சுடலைமாடனுக்கும் வானத்தில் இடம் உண்டு

சூரியனைச் சுற்றிவரும் சின்னச் சின்னப் பாறைகளான சிறுகோள்களுக்குப் பேர் வைக்கிற முறை பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. இப்போது எழுத வைத்தது ஒரு சான்றிதழ். தெரிந்த தம்பி ஒருவன் ஏதோ இணையதளத்தில் பணம் கட்டி, ஒரு நட்சத்திரத்துக்குத் தன் தங்கச்சி பேரை வைத்துவிட்டதாகச் சொல்லி அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறான். அந்தப் பேரை எந்த வானியலாளரும் பயன்படுத்தப் போவதில்லை. நட்சத்திரமோ சிறுகோளோ, அதிகாரப்பூர்வமாகப் பேரை ஏற்கும் சர்வதேச வானியல் ஒன்றியம் எந்தப் பேரையும் காசுக்குத் தருவதில்லை. ஒரு காலத்தில் அப்படியும் நடந்தது உண்மைதான். 1885-ல் யோகான் பலிசா என்ற ஆஸ்திரிய வானியலாளர், கிரகணம் பார்க்கப் போக வழிச்செலவுக்காக, தான் கண்டுபிடித்த சிறுகோளின் பேர் உரிமையை 50 பவுண்டுக்கு விற்க முன்வந்தார். ரோத்ஸ்சைல்ட் பிரபு ஒருவர் வாங்கித் தன் மனைவி பேரை வைத்தார். அதுதான் 250 பெட்டினா, 250 என்பது அந்தச் சிறுகோளின் வரிசை எண். இன்று அதற்கு வழியே இல்லை, அது நல்லதும்கூட.

சரி, முறையாகப் பேர் எப்படி வருகிறது? கண்ணில் பட்டதும் ஒரு தற்காலிகக் குறியீடு கொடுப்பார்கள். 1988 பிப்ரவரி 17 அன்று நம்ம ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் ஆய்வகத்தில் ராஜமோகன் குழு ஒன்றைக் கண்டுபிடித்தது. அதற்குக் கிடைத்த குறியீடு 1988 டி.க்யூ.1. பிப்ரவரியின் இரண்டாவது பாதிக்கு உரிய எழுத்து டி, மிச்சம் இருப்பது அந்த அரை மாதத்தில் அது எத்தனையாவது என்பதற்கான கணக்கு. அப்புறம் பல வருஷம் திரும்பத் திரும்பப் பார்த்து, இதன் பாதை இதுதான், இனி தொலைந்து போகாது என்று உறுதியான பிறகுதான் நிரந்தர எண். எண் கிடைத்தபின் பேர் முன்மொழிய கண்டுபிடித்தவருக்குப் பத்து ஆண்டு உரிமை. பேரோடு, ஏன் இந்தப் பேர் என்று சில வரி விளக்கமும் எழுதித் தர வேண்டும், ஒன்றியத்தின் குழு பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். டி.க்யூ.1 அப்படித்தான் 4130 ராமானுஜன் ஆனது. எண் கிடைத்தவை இன்று 8 லட்சத்துக்கும் மேல், பேர் கிடைத்தவையோ சுமார் 25 ஆயிரம்தான். மிச்சமெல்லாம் வெறும் எண்ணோடு சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இந்த வழக்கம் தொடங்கிய விதம் எங்கள் நெல்லைப் பக்கத்து ஆட்களுக்குச் சட்டென்று புரியும். 1801 ஜனவரி 1 அன்று சிசிலித் தீவின் பலேர்மோவில் பியாசி என்ற வானியலாளர் முதல் சிறுகோளைக் கண்டபோது வைத்த பேர் சீரிஸ் ஃபெர்டினாண்டியா. சீரிஸ் அந்தத் தீவின் காவல் தெய்வம், விளைச்சலுக்கான அம்மன். ஃபெர்டினாண்ட் அந்த ஊர் ராஜா. ராஜா பேரை மற்ற நாட்டார் ஏற்கவில்லை, உதிர்ந்துவிட்டது, அம்மன் பேர் நின்றது. தலைச்சன் பிள்ளைக்கு இசக்கியம்மாள், பேச்சிமுத்து என்று குலசாமி பேரை வைக்கிற நாம் செய்வதைத்தான் பியாசியும் செய்திருக்கிறார்.

நம் மண்ணுக்கும் இதில் பழைய தொடர்பு உண்டு. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் ஆய்வகத்துக்கு 1861-ல் வந்த நார்மன் போக்சன், வந்த இரண்டே மாதத்தில், ஏப்ரல் 17 அன்று ஒரு சிறுகோளைப் பிடித்தார். புகைப்படம் உதவிக்கு வராத காலம் அது. நட்சத்திர வரைபடத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்து, படத்தில் இல்லாத புள்ளி வானத்தில் இருக்கிறதா என்று தேட வேண்டும், இருந்தால் அடுத்த இரவு அது நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆசியாவிலிருந்து கண்ட முதல் சிறுகோள் என்பதால் 67 ஆசியா என்று பேர் வைத்தார். அப்புறம் மெட்ராஸிலிருந்தே சாஃபோ, சில்வியா, கமிலா, வேரா என்று நாலு. ஒன்றுகூட நம்ம ஊர்ப் பேர் இல்லை. போக்சனைக் குறை சொல்லவில்லை, அந்தக் காலத்து வழக்கம் அது.

ஆனால் இன்றைய விதிகள் அப்படி இல்லை, நான் இதை எழுதுவதே இதற்காகத்தான். நெப்டியூன் சூரியனை மூன்று சுற்று சுற்றும் நேரத்தில் இரண்டு சுற்று சுற்றும் ஒரு கூட்டம் உண்டு, புளூட்டோவும் அதில் ஒன்று. அவற்றுக்குப் பாதாளத்தோடும் சாவோடும் தொடர்புள்ள புராணப் பேர்தான் வைப்பார்கள். ரோமாபுரியின் பாதாளச் சாமி ஓர்கஸ், கிரேக்கப் புராணத்து இக்சியான் எல்லாம் அப்படி வந்தவை. அந்த வரிசைக்கு எங்கள் சுடலைமாடனைவிடப் பொருத்தமான சாமி யார்? கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர் அவர் பிறப்பைப் பாடக் கேட்டவர்களுக்குத் தெரியும். பார்வதி ஏந்திய விளக்கின் சுடரில் பிறந்து, பசி பொறுக்காமல் மயானத்துக்குப் போய்ப் பிணம் தின்ற பிள்ளை அவர். நடுச்சாமத்தில் மேளம் உச்சத்துக்குப் போக, சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டை நோக்கி வேட்டைக்குக் கிளம்புவார். ரோமாபுரிச் சாமிக்கு இருக்கும் தகுதி இவருக்கு உண்டு, இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பேர் ஆங்கிலத்தில் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி, சுடலைமாடன் அதற்குள் தாராளமாக அடங்கும்.

மற்றவர்கள் செய்திருக்கிறார்கள். 2002-ல் கண்ட குவாவார் என்பது லாஸ் ஏஞ்சலஸ் பகுதிப் பூர்வகுடிகளான டோங்வா மக்களின் படைப்புத் தெய்வம். ஹவாயில் பள்ளிப் பிள்ளைகளைத் தங்கள் தாய்மொழி அறிந்த பெரியவர்களோடு உட்கார வைத்து, அங்கே கண்டுபிடித்த பொருட்களுக்குப் பேர் யோசிக்கச் சொன்னார்கள். பூமியோடு கூடவே வரும் கமோஆலேவா என்ற சிறுகோளின் பேர் அப்படிப் பிறந்ததுதான்.

அரசியல், போர் சார்ந்தவர்கள் பேர் என்றால் இறந்து நூறு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். வ.உ.சி.க்கு 2036 வரை பொறுக்க வேண்டும், அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பொருநை ஆற்றுக்கும் பொதிகை மலைக்கும் அந்தத் தடையே கிடையாது.

வழியும் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து நடக்கும் சர்வதேசத் தேடல் திட்டம் ஒன்றில் பள்ளிக் குழுக்கள் இலவசமாகச் சேரலாம். ஹவாய்த் தொலைநோக்கி சில நிமிட இடைவெளியில் எடுத்த படங்களைத் தருவார்கள், அவற்றில் நகரும் புள்ளியைப் பிள்ளைகள் தேட வேண்டும். கணினியும் இணையமும் போதும். புதிதாக ஒன்று கிடைத்து எண் வாங்கப் பல வருஷம் ஆகும், பேர் முன்மொழியும் வாய்ப்பு அதற்குப் பிறகுதான். ஏழாம் வகுப்பில் தேடிய பிள்ளை கல்லூரி முடித்த பின் பேர் வைக்கலாம். ஆகட்டும்.

பாளையங்கோட்டை, அம்பை, நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் அறிவியல் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள். படிவம் நிரப்புவது, மென்பொருளைப் போட்டுக் காட்டுவது, சனிக்கிழமை பிள்ளைகளோடு உட்காருவது எல்லாம் நான் வந்து செய்கிறேன்.