சுகாதார அமைச்சர் டாக்டராகத்தான் இருக்க வேண்டுமா?

ஆர்மீனியா என்றால் நம்மில் பலருக்கு எம்.பி.பி.எஸ். படிக்கத் தலைநகர் யெரெவான் போன பிள்ளைகள்தான் ஞாபகம் வருவார்கள். அந்த நாட்டில் 2021 ஜனவரியில் சுகாதார அமைச்சரான அனாஹித் அவனேஸ்யான் டாக்டர் இல்லை, யெரெவான் அரசுப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். அவருக்கு முன் அமைச்சராக இருந்த அர்சென் தொரோஸ்யான் டாக்டர். அவருக்குக் கீழே துணை அமைச்சராக இருந்துவிட்டுத்தான் இவர் மேலே வந்தார்.

வக்கீலுக்கு வைத்தியத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. எனக்கு இந்தக் கேள்வியில் உடன்பாடே கிடையாது. அமைச்சர் யாருக்கும் நாடி பிடித்துப் பார்ப்பதில்லை. சிகிச்சைக்கான செலவை யார் ஏற்பது, எந்த மருத்துவமனை எதற்குக் கட்டுப்பட்டது, நோயாளிக்கு மறுக்கவே முடியாத உரிமைகள் எவை என்று முடிவு செய்வதுதான் அவர் வேலை. அது முழுக்கச் சட்டமும் பட்ஜெட்டும் சார்ந்தது.

அவர் வந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். கராபாக் பகுதிக்காகப் பக்கத்து நாடான அஜர்பைஜானோடு நடந்த 44 நாள் போர் 2020 நவம்பரில்தான் முடிந்திருந்தது. காயம்பட்ட வீரர்கள் ஒரு பக்கம், கொரோனா ஒரு பக்கம். சுமார் 30 லட்சம் மக்களே உள்ள நாடு அது.

2021 வசந்தத்தில் தடுப்பூசி வந்தது, ஆனால் மக்கள் போட்டுக்கொள்ளத் தயங்கினார்கள். இந்தப் பக்கம் ஈரானியர்கள் எல்லை தாண்டி வந்து, இலவசமாகக் கிடைத்த ஊசிக்கு வரிசையில் நின்றார்கள். உள்ளூர்க்காரர்களோ ஒதுங்கியே நின்றார்கள். அக்டோபரிலிருந்து அவனேஸ்யான் ஓர் உத்தரவை அமலுக்குக் கொண்டுவந்தார்: ஊசி போடாத ஊழியர்கள் 14 நாளுக்கு ஒருமுறை பி.சி.ஆர். பரிசோதனை முடிவைக் காட்ட வேண்டும். டிசம்பரில் அது வாரம் ஒருமுறை என்று ஆனது. பரிசோதனைச் செலவு ஊழியர் தலையில். எதிர்ப்பும் போராட்டமும் கிளம்பின.

இந்த இடத்தில் நான் அவரோடு முரண்படுகிறேன். உத்தரவு போட்டால் ஊசி போடுபவர் எண்ணிக்கை கூடும், சரி. ஆனால் குறைந்த சம்பளக்காரருக்கு அந்தப் பரிசோதனைச் செலவு நேரடியான தண்டனை. பயந்தவரிடம் பேசிப் புரியவைக்கக் குடும்ப டாக்டரும் கிராமத்துச் செவிலியரும்தான் வேண்டும். அதை எந்த உத்தரவாலும் ஈடுகட்ட முடியாது.

புகையிலை விஷயத்தில் சட்டம் நன்றாகவே உதவியது. ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் புகைக்கும் நாட்டில், 2022 மார்ச்சிலிருந்து உணவகங்களிலும் காபிக் கடைகளிலும் புகைபிடிக்கத் தடை. சட்டம் 2020இல் முந்தைய அமைச்சர் காலத்தில் வந்ததுதான், அந்தப் பெருமை அவருக்கும் சேர வேண்டும். கடைக்காரர்களின் முணுமுணுப்பைத் தாங்கி நடைமுறைப்படுத்தும் காலம் இவருக்கு வாய்த்தது.

2023 செப்டம்பரை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது. அஜர்பைஜானின் ஒன்பது மாத முற்றுகைக்குப் பின் கராபாக்கைவிட்டு அங்கிருந்த ஆர்மீனிய மக்கள் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அதன் முக்கிய நகரமான ஸ்தெபனகெர்ட் அருகே எரிபொருள் கிடங்கு வெடித்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீக்காயம் பட்டவர்களை ஹெலிகாப்டரில் யெரெவானுக்குக் கொண்டுவந்தார்கள். அதே நாட்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அகதிகளாக வந்து சேர்ந்தார்கள். தீக்காய வார்டுக்குள் உழைத்தவர்கள் டாக்டர்களும் செவிலியர்களும். படுக்கை பிரிப்பது, வெளிநாட்டு மருத்துவக் குழுக்களை வரவழைப்பது, வந்தவர்களுக்குச் சிகிச்சை உரிமையை உறுதி செய்வது அமைச்சகத்தின் பாடு.

என்னைப் பொறுத்தவரை அவருடைய பெரிய வேலை மருத்துவக் காப்பீடுதான். சோவியத் காலத்தில் சிகிச்சை இலவசம். அந்த அமைப்பு சரிந்தபின் செலவெல்லாம் மக்கள் மேல் விழுந்தது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஏறக்குறைய 80 சதவீதம் நோயாளியின் சொந்தப் பையிலிருந்தே போனது. உலகிலேயே மிக மோசமான அளவுகளில் ஒன்று இது. காசில்லாதவர் நோய் முற்றும்வரை டாக்டர் பக்கமே போகமாட்டார்.

அனைவருக்குமான காப்பீட்டுத் திட்டத்தின் வரைவை 2023இல் அரசு ஏற்றது. 2026 ஜனவரியிலிருந்து படிப்படியாக நடைமுறை. சிறுவர்கள், முதியவர்கள், வறியவர்களுக்கு அரசு கட்டும். மாதம் 2 லட்சம் திராமுக்கு (ஆர்மீனிய நாணயம்) மேல் சம்பளம் வாங்குபவர்கள் முதல் கட்டத்திலேயே சந்தா கட்ட வேண்டும்.

சந்தா கூடுதல் வரிதானே என்கிறார்கள். நான் இதை ஆதரிக்கிறேன். நோய் வந்த அன்று மொத்தமாகக் கடன் வாங்குவதைவிட, எல்லோரும் மாதாமாதம் கொஞ்சம் கட்டுவது நியாயம். ஆனால் யெரெவானில் கிடைக்கும் சிகிச்சை மலைக்கிராமத்துக்காரருக்கும் கிடைக்க வேண்டும், அதற்கு அங்கே டாக்டர் இருக்க வேண்டும். சந்தா பிடிக்கும் அதே வேகத்தில் அந்த நியமனங்களும் நடக்கின்றனவா என்றுதான் அவரிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.