மாவுக்கட்டு பிரிச்சாச்சுல்ல, அப்புறம் என்ன?

இந்தக் கேள்வியை இன்னும் ஒரே ஒரு ஆள் என்கிட்ட கேட்டா, மூலையில சாத்தி வெச்சிருக்கிற ஊன்றுகோலுக்கு மறுபடியும் வேலை வந்துடும். நடக்கிறதுக்கு இல்ல.

குதிகால் நாண் அறுந்து, அதைத் தைச்சு, கால்ல வெள்ளையா, மொத்தமா ஒண்ணு சுத்தியிருந்த வரைக்கும் நமக்கு ராஜமரியாதை. கதவைத் திறந்து பிடிச்சாங்க, உட்கார இடம் குடுத்தாங்க, "ஐயோ பாவம்"னு உச்சுக் கொட்டினாங்க. கட்டு போய், அதுக்கப்புறம் காலை அசையாம பிடிக்க மாட்டிவிட்ட பூட்ஸும் போய், சாதாரணச் செருப்புல தெருவுல இறங்கின நிமிஷமே எல்லாம் முடிஞ்சுது. இப்ப நொண்டினா நடிப்பு. மெதுவா போனா சோம்பேறித்தனம். பின்னாடி வர்றவர் உச்சுக் கொட்டுற அர்த்தமே மாறிடுச்சு.

யாருக்கும் புரியாத விஷயம் என்னன்னா, கட்டு இருந்த காலம்தான் இதுல சுலபமான காலம். நாம ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல, படுத்துக் கிடந்தா போதும். கஷ்டமே அதுக்கப்புறம்தான் தொடங்குது. ஆனா ஊர் உலகம் அதுக்குள்ள "சரியாயிடுச்சு"ன்னு முடிவு கட்டி எழுந்து போயிடுது.

"எலும்பு முறியலையே, அதுவரைக்கும் நல்லது" கோஷ்டி ஒண்ணு இருக்கு. ஐயா, பல எலும்பு முறிவு இதைவிடச் சீக்கிரமா ஆறிடும். அறுந்தது குதிகால் தசைநாண். டாக்டர்கள் அக்கிலிஸ்னு சொல்றது. கெண்டைக்கால் தசைகளை குதிகால் எலும்போட சேர்த்துப் பிடிக்கிற நாண் அது. உடம்புல இருக்கிற நாண்கள்லயே தடிமனும் பலமும் அதுக்குத்தான். ஓடும்போது உடம்பு எடையைப் போல பல மடங்கு பாரத்தை அது தாங்குது. பெரும்பாலும் அறுந்துபோறது எலும்புக்கு மேல 2 முதல் 6 செ.மீ. வரைக்கும் உள்ள பகுதியில. அங்க ரத்த ஓட்டமும் கம்மி, அதனால ஆறுறதும் ஆமை வேகம். அறுந்த ரெண்டு முனையும் பிரிஞ்சுபோன கயிறு நுனி மாதிரி நார்நாராக் கிடக்கும். அதை இழுத்துவெச்சுத் தைக்கிறாங்க. தையல் செய்யுற வேலை, ரெண்டையும் பக்கத்துல பிடிச்சு வைக்கிறது மட்டும்தான். ஒட்டவேண்டியது உடம்பு. அது முதல்ல அவசரத்துக்கு ஏதோ ஒரு மட்டமான நாரைப் போட்டு நிரப்பிட்டு, அப்புறம் மாசக்கணக்கா அதை மாத்தி மாத்தி பலப்படுத்தும். ஒரு வருஷம் தாண்டியும் உள்ளுக்குள்ள அந்த வேலை நடந்துக்கிட்டு இருக்கும். வெளியில தழும்பு மட்டும் அழகா ஆறியிருக்கும். ஜனங்க பார்க்கிறது தழும்பைத்தான்.

அறுந்த அன்னைக்கே ஆரம்பிச்சுது இந்த அலட்சியம். யாரோ பின்னாடியிலிருந்து ஓங்கி உதைச்ச மாதிரி இருந்துது, திரும்பிப் பார்த்தா ஒருத்தரும் இல்ல. இந்தக் காயம் பட்ட பாதிப் பேர் இதையேதான் சொல்வாங்க. பக்கத்துல இருந்தவங்க உடனே வைத்தியர் ஆயிட்டாங்க. "விரலை ஆட்டு பார்ப்போம்... ஆட்டுறியே! சுளுக்குதான்." விரலை ஆட்டுறது வேற தசைங்க. நாண் முழுசா அறுந்திருந்தாலும் விரல் ஆடும், பாதம்கூட கொஞ்சம் கீழ போகும். அதனாலதான் சுளுக்குன்னு நினைச்சு நிறையப் பேர் வாரக்கணக்கா விட்டுடுறாங்க. ஆளைக் குப்புறப் படுக்கவெச்சு, பாதம் கட்டிலுக்கு வெளியில தொங்குற மாதிரி விட்டு, கெண்டைக்கால் சதையை ஒரு பிடி பிடிச்சுப் பார்க்கணும். பாதம் அசையணும். அசையலைன்னா நாண் போச்சு. அந்தப் பரிசோதனைக்கு அரை நிமிஷம்கூட ஆகாது.

சரி, சுலபமான காலம்னு சொன்னேனே, அதோட லட்சணத்தையும் சொல்றேன். ஊன்றுகோல் ரெண்டு கையையும் பிடுங்கிக்கும்னு யாராவது முன்னாடியே சொன்னாங்களா? ஒரு டம்ளர் தண்ணியை சமையலறையிலிருந்து கட்டிலுக்குக் கொண்டுபோறதை யோசிச்சுப் பாருங்க. கையில எடுக்க முடியாது. பாட்டில்ல பிடிச்சு, மூடியை முறுக்கி, துணிப்பையில போட்டு, பையைக் கழுத்துல மாட்டிக்கணும். அது நெஞ்சுல இடிச்சுக்கிட்டே வரும். சூடா ஏதாவது குடிக்கணும்னா அடுப்பு பக்கத்துலயே ஒத்தைக்கால்ல நின்னு குடிச்சுட்டு வரணும். குளியலறையில ஸ்டூல்ல உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழ பிளாஸ்டிக் பையைச் சுத்தி டேப் ஒட்டி, அந்தக் காலை மட்டும் கதவுக்கு வெளியில நீட்டிக்கிட்டுக் குளிக்கணும். காலுக்குள்ள ரத்தம் உறைஞ்சிடக் கூடாதுன்னு வயித்துத் தோல்ல ஊசி வேற. தொப்புளைச் சுத்தி நீலம் பாரிச்சுக் கிடக்கும். பூட்ஸுக்கு வந்தா, குதிகாலுக்கு அடியில ஆப்பு அடுக்கி, வாரம் போகப் போக ஒவ்வொண்ணா உருவுவாங்க. அதுவரைக்கும் ஒரு கால் உசரம், ஒரு கால் மட்டம். இடுப்பு வலிக்குதுன்னு சொன்னா, "கால்லதானே அடி?"ன்னு ஒரு கேள்வி.

அடுத்தது ஆபரேஷன் பஞ்சாயத்து. ஒருத்தர் வந்து "கத்தியே வெச்சிருக்கக் கூடாது, தானா ஒட்டியிருக்கும்"ங்கிறார். அவர் படியிறங்குறதுக்குள்ள இன்னொருத்தர் வந்து "நல்லவேளை பண்ணினே, இல்லேன்னா ஆயுசுக்கும் நொண்டிதான்"ங்கிறார். ரெண்டு பேரும் ஒரே உறுதியோட பேசுறாங்க. நார்வேயில 500 பேருக்கு மேல சேர்த்து நடத்தின ஆய்வு 2022-ல வெளிவந்துது. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, கத்தி வெச்சவங்களும் வெக்காதவங்களும் கிட்டத்தட்ட ஒரே நிலைமையிலதான் இருந்தாங்க. மறுபடியும் அறுந்துபோனது ஆபரேஷன் பண்ணாதவங்கள்ல 100-க்கு 6 பேர் அளவு, பண்ணினவங்கள்ல ஒருத்தருக்கும் கம்மி. அதே சமயம் ஆபரேஷன்ல நரம்பு பாதிக்கிற ஆபத்து கூடுதல். ஆக, ரெண்டு வழியும் உண்டு, ரெண்டுலயும் ஒரு விலை உண்டு. ஆளைப் பொறுத்து டாக்டரோட உட்கார்ந்து பேசி முடிவு பண்றது. நலம் விசாரிக்க வந்த இடத்துல தீர்ப்பு சொல்றதுக்கு இதுல என்ன இருக்கு?

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கலாம். என்னால பொறுக்கவே முடியாதது "நல்லா நீட்டி மடக்கு" ஆலோசனைதான். "கால் இறுகிப் போயிருக்கு பாரு. படிக்கட்டு விளிம்புல நின்னு குதிகாலைக் கீழ தொங்கவிடு. துண்டைப் பாதத்துல மாட்டி உன் பக்கம் இழு. அப்பத்தான் லூசாகும்." லூசாகும்தான். அதுதான் பயமே! இந்தக் காயத்துக்குச் செய்யவே கூடாத வேலை அது. புதுசா ஒட்டிக்கிட்டிருக்கிற நாண் இழுத்தா இழுத்த நீளத்துக்குப் போய் அங்கேயே நின்னுடும். நீண்டுபோன நாணை தசை எவ்வளவு சுருங்கி இழுத்தாலும் குதிகால் முழுசா மேல வராது. நடக்கும்போது உந்தித் தள்ளுற பலம் போயிடும், ஓட்டம் போயிடும். நீண்டதைக் குறைக்க எந்தப் பயிற்சியும் கிடையாது. மறுபடியும் கத்திதான். முதல் சில மாசம் கொஞ்சம் இறுக்கமா இருக்கிறதுதான் நல்லதுன்னு பிசியோ தலையில அடிச்சுக்கிட்டுச் சொல்றாங்க. நம்ம ஆளுங்களுக்கு இறுக்கம்னாலே நோய். அதுலயும் ஒரு பெரியவர் பேசிக்கிட்டே குனிஞ்சு, என் பாதத்தைக் கையில எடுத்து மேல மடக்கப் பார்த்தார் பாருங்க. நான் போட்ட சத்தத்துல அவர் நாலடி பின்னாடி போயிட்டார். அப்புறம் "மரியாதை தெரியாத பய"ன்னு எனக்குப் பட்டம்.

விளையாட்டு பார்க்கிற கோஷ்டி தனி. "அந்த அமெரிக்க கூடைப்பந்து ஆட்டக்காரர் எட்டு மாசத்துல திரும்பி வந்துட்டாரே?" வந்தார். கோபி பிரயன்ட் 2013 ஏப்ரல்ல அறுத்துக்கிட்டு டிசம்பர்ல களத்துக்கு வந்தார். ஆறே ஆட்டத்துல முழங்கால் எலும்பு முறிஞ்சு திரும்பவும் உட்கார்ந்தார், அதைச் சொல்றதில்ல. இன்னொரு கூடைப்பந்து ஆட்டக்காரர் கெவின் டுரான்ட்டுக்கு 2019 ஜூன்ல அறுந்துது, அடுத்த முறைப்படியான ஆட்டம் 2020 டிசம்பர்ல. பதினெட்டு மாசம். பக்கத்துலயே பிசியோ, மருத்துவர், சமையல்காரர்னு ஒரு படையே இருக்கிறவருக்கு அந்தக் கதி. எனக்கு இருக்கிறது ஒரு ரப்பர் பட்டையும் வாஷ்பேசின் விளிம்பும்.

அந்த வாஷ்பேசின் கதையையும் கேளுங்க. விளிம்புல விரலை வெச்சுக்கிட்டு ரெண்டு கால்லயும் எக்கினா எழும்புறேன். எழும்பினபடியே நல்ல காலை மெல்லத் தரையிலிருந்து எடுத்தா, அடிபட்ட குதிகால் சத்தமே இல்லாம கீழ இறங்கிடுது. நான் பல்லைக் கடிக்கிறேன், தொடை நடுங்குது, மூஞ்சி சிவக்குது. குதிகால் மட்டும் தரையை விட்டு ஒரு நூல்கூட நகர மாட்டேங்குது. வலியும் இல்ல. சொன்ன பேச்சைக் கேட்கிறதுக்கு அங்க சதை இல்ல, அவ்வளவுதான். கெண்டைக்கால் வத்திப்போய், பேண்ட்ல ஒரு பக்கம் மட்டும் தொளதொளன்னு ஆடுது. இந்தச் சதை திரும்பி வர்றதுக்கு மாசக்கணக்காகும். ஒரு வருஷம் கழிச்சும் ரெண்டு காலும் ஒரே உசரத்துக்கு எக்காதவங்க நிறையப் பேர் இருக்காங்க.

ஆபீஸ்ல இதை விளக்கப் போனேன். "அதான் நடக்கறீங்களே"ன்னு பதில் வந்துது. நடக்கிறேன் சார். சமதரையில, மெதுவா, யாரும் இடிக்காம இருந்தா நடக்கிறேன். பஸ்ஸைப் பிடிக்க ஓடச் சொன்னா? படியில அவசரமா இறங்கச் சொன்னா? ஈரத் தரையில கால் வழுக்கி, சட்டுன்னு முன்பாதத்துல எடை விழுந்தா? மறுபடி அறுந்துபோற ஆபத்து முதல் மூணு மாசத்துலதான் அதிகம். வெளியில பார்க்க எல்லாம் நல்லா இருக்கிற நேரமும் அதுதான். காப்பீட்டுக்காரங்க அதுக்கும் மேல. ஆபரேஷன் பில்லுக்குக் கையெழுத்துப் போட்டவங்க, பிசியோ பில்லைப் பார்த்ததும் "இது அவசியமா?"ன்னு கடிதம் அனுப்புறாங்க. தைச்சது மட்டும் வைத்தியமாம்!

நலம் விசாரிக்கணும்னு நிஜமாவே ஆசையா இருந்தா, "ஒத்தைக்கால்ல நின்னு குதிகாலைத் தூக்க முடியுதா?"ன்னு கேளுங்க. கேட்கறதுக்கு முன்னாடி நீங்களும் ஒருதடவை செஞ்சு பாருங்க, முழங்காலை மடக்காம, இருபத்தஞ்சு தரம். பாதியில மூச்சு வாங்கினா ஆலோசனையை வாபஸ் வாங்கிட்டு மூட்டுவலிக் கதையைப் பேசலாம், நான் பொறுமையாக் கேட்கிறேன்.

தைலம் கொண்டுவந்து குடுத்து "அழுத்தித் தேய்"னு சொல்லிட்டுப் போனவருக்கு ஒரு தகவல். தேய்ச்சாச்சு, பின்கதவு கீலுக்கு. இப்ப கிறீச்சுன்னு சத்தமே வர்றதில்ல. இன்னொரு பாட்டில் இருந்தா குடுங்க, முன்கதவுக்கும் ஆகும்.