மழைமானி ஒரு ஊரில், வெள்ளம் இன்னொரு ஊரில்

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணிக் கணக்குப்படி காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். பக்கத்துத் திருச்செந்தூரில் 69. நடுவில் பத்து கிலோமீட்டர்தான், வித்தியாசமோ 26 சென்டிமீட்டர். நம் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு மாசம் பூராவும் அவ்வளவு பெய்தாலே பெரிய மழை என்போம். காயல்பட்டினத்தில் மழைமானி இல்லாமல் இருந்திருந்தால் அந்த 95 எந்த ஏட்டிலும் ஏறியிருக்காது.

பயிர்க் காப்பீட்டுக்கும் இதேதான் வியாதி. அளக்கிற இடம் ஒன்று, அழிகிற இடம் இன்னொன்று. மொபாரக், ரோசன்ஸ்வைக் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாடு, ஆந்திரா, உத்தரப் பிரதேச கிராமங்களில் மழைக் காப்பீட்டை விற்றுப் பார்த்தார்கள். மழைமானியிலிருந்து வயல் தள்ளிப் போகப் போக வாங்குகிற ஆளும் குறைந்தது. விவசாயிக்குக் கணக்கு தெரியாது என்று யாராவது சொன்னால் இதைக் காட்டலாம்.

நெல்லுக்கு எப்படி அளக்கிறார்கள்? குலுக்கல் முறையில் ஒரு வயலைத் தேர்ந்தெடுத்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுவார்கள். 25 சதுர மீட்டரில் 8 கிலோ கிடைத்தால் ஹெக்டேருக்கு 3,200 கிலோ. இப்படிச் சில வயல்களின் சராசரிதான் அந்த ஊர் முழுவதற்கும் விளைச்சல். அடுத்து ஒப்பிட வேண்டிய 'உத்தரவாத மகசூல்': கடந்த 7 வருஷத்தில் நல்ல 5 வருஷத்தின் சராசரியை எடுத்து, அதில் இத்தனை சதவீதம் என்று வைப்பார்கள். அது 4,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குறைவு 800 கிலோ, அதாவது 20 சதவீதம். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 30,000 என்றால் கைக்கு வருவது 6,000. மேட்டு வயல்காரர் முழுசாக அறுத்திருந்தாலும் அவருக்கு 6,000. குளத்தடிப் பள்ளத்தில் ஒரு மணி நெல்கூடத் தேறாதவருக்கும் அதே 6,000.

இது களவு இல்லை, கணக்கின் அமைப்பே அப்படி. களவு நடக்க வேறு இடங்கள் இருக்கின்றன. குலுக்கலில் விழுந்த வயலுக்குப் போகப் பாதை இல்லையென்று ரோட்டோரத்து வயலில் கயிறு கட்டுவது ஒன்று. அலுவலர் வருமுன் மிஷின் இறங்கி அறுத்துவிடுவது இன்னொன்று. ஈரநெல்லை அப்படியே எடை போட்டு, காய்ந்தால் குறைகிற எடையைக் கழிக்காமல் விட்டுவிட்டால் விளைச்சல் கூடித் தெரியும், இழப்பீடு இறங்கும். இவற்றையெல்லாம் விட மோசமானது ஒன்று உண்டு. ஏழு வருஷத்தில் மூன்று தடவை முழுகிய ஊரின் உத்தரவாத மகசூலே சரிந்து கிடக்கும். அடிக்கடி அடிபடுகிற ஊருக்குத்தான் இழப்பீடும் குறைகிறது.

தனிவயலுக்கு அளக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஆலங்கட்டி, நிலச்சரிவு, மேகவெடிப்பு, வயலில் தண்ணீர் தேங்குவது போன்றவற்றுக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் சொன்னால் உங்கள் வயலையே வந்து பார்க்க வேண்டும். அறுத்துக் காயப் போட்டது நனைந்தால் 14 நாள் வரை பாதுகாப்பு உண்டு. ஆனால் 2018-ல் தண்ணீர் தேங்கும் இழப்பை நெல்லுக்கு மட்டும் எடுத்துவிட்டார்கள். 2026 காரிஃப் (ஜூன் வாக்கில் தொடங்கும் பருவம்) முதல் திரும்பச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. கரண்டும் டவரும் இல்லாத மூன்று நாளில் எப்படித் தகவல் சொல்வது என்பதுதான் மீதிக் கேள்வி. 14447 என்ற பயிர்க் காப்பீட்டு உதவி எண்ணை இப்போதே போனில் பதிந்து வையுங்கள். தண்ணீர் நிற்கும்போதே வரப்பில் நின்று இருப்பிடக் குறிப்போடு படம் எடுங்கள். வடிந்த பிறகு எடுத்த படத்தில் சேறு மட்டும்தான் இருக்கும். பிசானத்துக்கு (வடகிழக்குப் பருவமழையில் வைக்கும் நெல்லுக்கு) காப்பீடு பதியும்போது ரசீதில் ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும் அடங்கலோடு (கிராம அலுவலரின் பயிர்ப் பதிவோடு) ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள். பக்கத்து வருவாய் கிராமத்தின் பெயர் ஏறிவிட்டால் அந்த ஊரின் விளைச்சல்தான் உங்களுக்கும். வாய்ப்பேச்சில் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) உழுகிறவர் நிலைமை இன்னும் பரிதாபம். பட்டாக்காரர் கையெழுத்துப் போடாமல் அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

நிலமே இல்லாதவர்களைப் பற்றியும் பேச வேண்டும். மொபாரக், ரோசன்ஸ்வைக் இருவரின் இன்னொரு ஆய்வு சொல்வது: காப்பீடு வாங்கிய விவசாயி துணிந்து, விளைச்சல் அதிகம் தரும் ஆனால் மழையை நம்பிய பயிரை வைக்கிறார். மழை நன்றாகப் பெய்த வருஷம் கூலி ஏறுகிறது, பொய்த்த வருஷம் வேலை சுருங்குகிறது. விவசாயிக்குக் காப்பீட்டுப் பணம் வரும். நடுகைக்குப் போகிற பெண்களுக்கும் வாழைத்தார் சுமக்கிறவர்களுக்கும் எதுவும் வராது. அதனால்தான் 2023 வெள்ளத்துக்குப் பின் ரேஷன் கார்டுக்குக் கொடுத்த 6,000 ரூபாயை இலவசம் என்று கிண்டலடித்தவர்களோடு எனக்கு ஒட்டாது. அது பட்டா கேட்காத பணம். என் குறை அது தண்ணீர் வடிந்தபின் வந்தது என்பதுதான். 2020 ஜூலையில் வங்கதேசத்தில் ஜமுனா ஆற்று (பிரம்மபுத்திராவுக்கு அங்கே அந்தப் பெயர்) வெள்ளம் உச்சிக்கு வருமுன்னே குடும்பத்துக்கு 4,500 டாக்கா போனில் அனுப்பினார்கள். வாங்கியவர்கள் வெள்ளத்தின்போது பட்டினி கிடந்தது குறைவு என்று பின்னால் நடந்த ஆய்வு காட்டியது.

முன்கூட்டிப் பணம் கொடுக்க, தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தால் கொடுப்பது என்று ஊருக்கு ஊர் தெரிய வேண்டும். அதற்குக் குளத்து நீர்மட்டத்தைத் தினமும் எழுதிய கணக்கு வேண்டும். ஊரைக் கணக்கெடுப்பது நமக்குப் புதுசு இல்லை. 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் கிராமக் கணக்கெடுக்க வைத்த ஊர்களில் நம் கங்கைகொண்டானும் ஒன்று. 1930-களிலும் திரும்பப் போய் எடுத்தார்கள். இப்போது சிப்காட்டுக்குப் போகிற பஸ்ஸில் அந்தப் பெயரைப் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. மடைச் சுவரில் எனாமல் பெயிண்டால் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, மறுகால் (குளம் நிறைந்தால் உபரித் தண்ணீர் வழிகிற இடம்) மட்டத்தில் சிவப்பு. தனிக் கோல் நட்டால் பையன்கள் பிடுங்கிவிடுவார்கள். மடை திறந்திருக்கும்போது வாய்ப்பக்கம் மட்டம் தாழ்ந்து காட்டும், அதனால் கோடு ஒதுங்கி இருக்கட்டும். தினமும் காலை 8.30-க்கு நீர்பாய்ச்சி (வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ஆள்) பார்த்து எழுத வேண்டும், அதற்குக் குளத்து விவசாயிகள் சங்கம் ஒரு சம்பளம் கொடுக்க வேண்டும். சும்மா எழுதச் சொன்னால் மழை நாளில்தான் விட்டுப்போகும். மறுகால் பாயும் நாள்களில் இன்னொரு பக்கம்: எந்தச் சர்வே எண் முழுகியது, எத்தனை நாள், பயிர் எந்தப் பருவம். தூர் கட்டும்போது (பயிர் கிளைக்கும்போது) முழுகியது சீக்கிரம் வடிந்தால் தேறும், பூக்கும்போது முழுகினால் பதர்தான். இதே ஏடு இருந்தால் ஊர் முழுவதையும் ஒன்றாக எடுக்கிற காப்பீட்டு அலகை மடைவாரியாகப் பிரிக்கச் சொல்லிக் கேட்கவும் முடியும்.

குளம் வற்றிக் கிடக்கிற மே மாதத்தில், கார் நெல்லுக்கு (ஜூனில் தொடங்கும் முதல் போகத்துக்கு) தண்ணீர் திறக்குமுன் கோடு போட்டுவிட வேண்டும். தண்ணீர் வந்தபின் அடிமட்டம் கண்ணுக்குத் தெரியாது.