முகவரி வந்தால் போதுமா?

கொழும்பில் பிளாக்செயின் வேலை செய்கிற தம்பி, தங்கைமாருக்காக எழுதுகிறேன். இரண்டு நாளாக மனதை விட்டுப் போகாத விஷயம்.

வெள்ளவத்தையில் ஒரு சின்னக் கொம்பனியின் சேர்வர் நிரலை (கோடை)ப் பார்த்துத் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். எத்தீரியம் என்கிற பிளாக்செயினின் வொலட்டால், அதாவது சாவி வைத்திருக்கிற செயலியால், ஒரு செய்தியில் ஒப்பமிட்டு உள்ளே வருகிற ஏற்பாடு. எழுதிய தம்பி ஒப்பத்திலிருந்து ஒப்பமிட்டவரின் கணக்கு முகவரியை மீட்டெடுக்கிறார். பிழை வராவிட்டால், கோரிக்கையில் வந்த முகவரியை அப்படியே நம்பி உள்ளே விட்டுவிடுகிறார். "முகவரி வருகுதுதானே அண்ணா, பிறகென்ன?" என்றார்.

எத்தீரியத்தில் ஒப்பத்தோடு பொதுச்சாவி (ஒப்பத்தைச் சரிபார்க்க எவருக்கும் காட்டக்கூடிய சாவி) வருவதில்லை. 65 பைட் ஒப்பத்தையும் செய்தியின் ஹேஷையும் (செய்தியிலிருந்து கணக்கிட்டு எடுக்கிற சுருக்க எண்) வைத்துக் கணக்குப் போட்டுத்தான் சாவியை எடுக்கிறோம். அந்தச் சாவிக்கு கெச்சாக் என்கிற முறையில் எடுத்த ஹேஷில் கடைசி 20 பைட்தான் முகவரி. செய்தியில் ஓர் எழுத்து மாறினாலும் இந்தக் கணக்கு பிழை சொல்லாது. சம்பந்தமே இல்லாத வேறொரு முகவரியைத் தந்துவிடும். அதை, வந்தவர் சொன்ன முகவரியோடு ஒப்பிட்டால்தான் சரிபார்த்ததாக ஆகும். காசோலையில் ஏதோ ஒரு ஒப்பம் இருக்கிறது என்பதற்காக எந்த வங்கி காசு கொடுக்கும்?

சரி, ஒப்பிட்டாயிற்று. அப்புறம், அதே ஒப்பத்தை நாளைக்கு வேறொருவர் திரும்ப அனுப்பினால்? சேர்வர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணைக் கொடுத்து, அதையும் சேர்த்து ஒப்பமிடச் செய்து, ஒருமுறை பாவித்ததும் அழித்துவிட வேண்டும். பணப் பரிமாற்றத்தில் எந்தச் சங்கிலி, அதாவது எந்தப் பிளாக்செயின், என்பதும் ஒப்பத்துக்குள் இருக்க வேண்டும். 2016 யூலையில் எத்தீரியம் இரண்டாகப் பிரிந்தபோது, ஒரு பக்கத்துப் பரிமாற்றம் மறுபக்கமும் செல்லுபடியானது. அதே ஆண்டில் வந்த ஈஐபி-155 என்கிற எத்தீரிய மேம்பாட்டு முன்மொழிவு சங்கிலி எண்ணை ஒப்பத்துக்குள் கொண்டுவந்தது. பழைய கதை என்று நினைக்க வேண்டாம். வின்டர்மியூட் என்கிற கிரிப்டோ நிறுவனத்துக்கு அனுப்பிய 20 மில்லியன் ஓபி டோக்கன் 2022 யூனில் வேறொருவர் கைக்குப் போனது, சங்கிலி எண் இல்லாத ஒரு பழைய எத்தீரியப் பரிமாற்றத்தை ஒப்டிமிசம் என்கிற வேறொரு சங்கிலியில் மறுபடி ஓட்டியதால்.

தம்பியில் நான் பிழை சொல்லமாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று நெருக்குகிற எங்களைப் போன்ற மூத்தவர்களில்தான் பிழை. அவர் எழுதிய ரெஸ்ட் (கோடைச் சோதிக்கிற நிரல்) எல்லாமே சரியான ஒப்பத்துக்கானவை. பிழையான ஒப்பம் மறுக்கப்படுகிறதா என்று பார்க்கிற ரெஸ்ட் ஒன்றுகூட இல்லை. அன்று பின்னேரம் இருவரும் இருந்து மூன்று எழுதினோம்: வேறொருவரின் ஒப்பம், மாற்றிய செய்தி, இரண்டாம் முறை வந்த அதே ஒப்பம்.

மூன்றையும் சேர்வர் உள்ளே விட்டது. தம்பி ஒன்றும் பேசாமல் கோடைத் திறந்து திருத்தத் தொடங்கினார்.