டிசம்பர் 26: பட்டினப்பாக்கமும் செம்மஞ்சேரியும்

இன்று டிசம்பர் 26, சுனாமி நினைவு நாள். சென்னையில் பட்டினப்பாக்கத்திலும் காசிமேட்டிலும் காலையிலேயே கடலில் பால் ஊற்றிப் பூத்தூவியிருப்பார்கள். டிவியில் வழக்கம்போல அந்த அலைக் காட்சி. என்னால் இன்னமும் அதைப் பார்க்க முடிவதில்லை.

2004-இல் அது ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சுமத்ரா பக்கம் கடலடியில் நில நடுக்கம் வந்தபோது இங்கே காலை ஆறரை மணி. மயிலாப்பூரில் எங்கள் வீட்டு அலமாரியில் பாத்திரங்கள் லேசாக ஆடின. "பூகம்பம் போல" என்றார் அப்பா. அப்புறம் எல்லோரும் காபி குடித்தோம். அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் மெரினாவில் நடந்துகொண்டிருந்தவர்களுக்கும் விளையாடிய பிள்ளைகளுக்கும் சொல்ல ஆள் இல்லை.

ஒன்பது மணி வாக்கில் "கடல் உள்ள வந்துடுச்சு" என்று தெருவெல்லாம் ஓட்டம். சாந்தோம் பக்கம் போனேன். நனைந்த புடவையோடு ஒரு பாட்டி, மிக்ஸி ஜாரை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். மூடிகூட இல்லை. யார் கேட்டும் அதைக் கீழே வைக்கவில்லை.

தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் போனார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேல். சென்னையில் 200-க்கு மேல். 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று மறுபடி சுமத்ராவில் நடுக்கம் வந்தபோது கடற்கரையைக் காலி செய்தார்கள். அலை வரவில்லை. "சும்மா பயமுறுத்திட்டாங்க" என்றவர்களோடு அன்று சண்டையே போட்டேன். வராத அலைக்கு நூறு முறை ஓடலாம், தப்பே இல்லை.

என் ஆதங்கம் வேறு. கரையோரம் ஆபத்து என்று சொல்லிப் பட்டினப்பாக்கத்துக் குடும்பங்கள் பலவற்றைச் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிச் செம்மஞ்சேரிக்கு அனுப்பினோம். அதே கரையோரம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்), ரிசார்ட்டும் பங்களாவும் கடலைப் பார்த்தபடி எழும்பிக்கொண்டே இருக்கின்றன. ஆபத்து மீனவனுக்கு மட்டும்தானா?

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா செம்மஞ்சேரியில்தான் இருக்கிறார். காசிமேட்டு மீன் ஏலத்தைப் பிடிக்க நடுராத்திரி தாண்டியதுமே எழுந்தாக வேண்டும். அன்னக்கூடையில் தண்ணீர் சொட்டுகிறது என்று பஸ்ஸில் ஏற்ற மாட்டார்களாம். ஷேர் ஆட்டோவில் கூடைக்கும் சேர்த்துக் காசு. பாதி லாபம் வழியிலேயே போய்விடுகிறது. செம்மஞ்சேரியோ சதுப்பு நிலத்தை ஒட்டிய பள்ளம். நல்ல மழை பெய்தால் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர். "அலைக்குப் பயந்து வந்தோம் தம்பி, இப்ப மழைக்குப் பயந்து கட்டில் மேல உக்காந்துனு கீறோம்" என்றார் போன மழையில். பேசிக்கொண்டே சங்கரா மீனைச் செதில் தேய்த்தார். கை நிற்கவே இல்லை.

பூத்தூவ வரும் அமைச்சர்களும் அதிகாரிகளும் அப்படியே ஓஎம்ஆர் சாலை வழியாகச் செம்மஞ்சேரிக்கும் போகட்டும். விடியும் முன்னே காசிமேட்டுக்குக் கூடையோடு ஏறிப்போக ஒரு பஸ் விடட்டும். மழைத்தண்ணீர் வடிய ஒழுங்கான கால்வாய் வெட்டட்டும். மிச்சமிருக்கும் குப்பங்களுக்குப் புது வீடு என்றால், கடலைப் பார்த்து, அந்தந்த இடத்திலேயே கட்டிக் கொடுக்கட்டும்.