எந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறீர்கள்?

நம் திருகோணமலையில் ஒரு மருந்துக்கடைக்குள் போய், பிரிகாபலின் அட்டையைத் தூக்கிக் காட்டி, அங்கே வேலைக்கு நின்ற பிள்ளையைப் படம் பிடித்துப் போட்ட அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பிரிகாபலின் நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கிற மருந்து, சிலர் போதைக்கும் எடுக்கிறார்கள். பகிர்கிறவர்கள் விடுகிற மாதிரித் தெரியவில்லை. பகிர்கிற ஒவ்வொருவரும் மேலே ஒரு வரி வேறு சேர்க்கிறார்கள். "பிரிகாபலினைத் தூள் சட்டத்துக்குள்ள போடு, ஐஸுக்குப் பக்கத்தில வை, வித்தவனைத் தூக்கில போடு." எழுதுகிறவர்களில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கோவில் பரிபாலன சபையில் இருப்பவர்கள் இருக்கிறார்கள், ஒரு சட்டத்தரணியும் இருக்கிறார். அவருக்காவது சட்டம் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

ஸ்கிரீன்ஷொட் எடுக்கிறவர்களுக்கு வசதியாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிகாபலினுக்கு இறுக்கமான கட்டுப்பாடு வேண்டும். சட்டத்தில் சேருங்கள், எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை. நான் கேட்பது எந்தப் பட்டியலில், எத்தனை கிராம் என்று, யாருக்கு விலக்கு வைத்து என்பது மட்டும்தான். இந்த மூன்றையும் கேட்காமல் "சேர், சேர்" என்று கத்தினால் மாட்டப் போவது யார் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

இலங்கையில் ஹெரோயினைத் "தூள்" என்போம். "தூள் சட்டம்" என்று எல்லாரும் சொல்வது 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். 1984இல் 13ஆம் இலக்கத் திருத்தம் வந்து அதற்குள் மரண தண்டனையைக் கொண்டுவந்தது. ஹெரோயின் 2 கிராம், கொக்கெயின் 2 கிராம், மோர்ஃபின் 3 கிராம், அபின் 500 கிராம். கடத்தலில் அந்த அளவைத் தொட்டால் மரணம் அல்லது ஆயுள். ஹெரோயின் என்றால் வைத்திருந்தாலே போதும். 2022 நவம்பரில் 41ஆம் இலக்கச் சட்டம் மெத்தாம்ஃபெட்டமினை, அதாவது ஐஸை, 5 கிராம் என்று அதே வரிசையில் ஏற்றியது. ஐஸுக்கு அது பொருந்தும். ஐந்து கிராம் ஐஸை மருந்தாக மடியில் கட்டிக்கொண்டு போகிற நோயாளி இந்த நாட்டில் கிடையாது.

பிரிகாபலின் கதை வேறு. சீனி வருத்தத்தில் கால் நரம்பு கெட்டு, இராத்திரி முழுக்கப் பாதம் எரிகிறவருக்கு வழக்கமாக எழுதுவது 75 மில்லிகிராம் கெப்சியூல், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மாதத்துக்கு 60 கெப்சியூல். 60 பெருக்கல் 75, 4,500 மில்லிகிராம். அதாவது 4.5 கிராம் தூய பிரிகாபலின். ஹெரோயின் அளவை அப்படியே வைத்தால், கிளினிக்கில் மருந்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிற அம்மா மரண தண்டனை அளவின் இரண்டு மடங்கைத் தாண்டிய பையோடு போகிறார். ஐஸின் அளவை வைத்தால் அரைக் கிராமில் தப்புகிறார். அவருக்கே 150 மில்லிகிராம் எழுதியிருந்தால் 9 கிராம், தப்பவில்லை. நாளுக்குக் கொடுக்கக்கூடிய உச்ச அளவு 600 மில்லிகிராம். அப்படி எடுப்பவருக்கு மாதம் 18 கிராம். 2022 திருத்தத்தின்படி தூய நிறை 10 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் பிணைக்குத் திருகோணமலை மேல் நீதிமன்றமும் போதாது, கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதுவும் விசேட காரணம் காட்டி.

"டொக்டர்ர துண்டு இருந்தா ஒருத்தரும் பிடிக்க மாட்டினம்" என்று கீழே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, அரச ஆஸ்பத்திரியில் மருந்து எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? கடதாசி உறைக்குள் போட்டு, மேலே பேனாவால் "காலை 1, இரவு 1" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். தனியார் கடையில் பத்து கேட்டால் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் கொடுக்க முடியும். வெட்டிய துண்டில் சில நேரம் மருந்தின் பெயர் இருக்கும், தொகுதி இலக்கம் போயிருக்கும், இல்லாவிட்டால் இலக்கம் இருக்கும், பெயர் போயிருக்கும். கிளினிக் கொப்பியை யாரும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிவதில்லை. சீனக்குடாவிலோ கந்தளாயிலோ வீதிச் சோதனையில் ஒருவருடைய பையில் வெட்டிய அட்டைத் துண்டுகள் கிடந்தால் பொலிஸ்காரருக்கு என்ன தெரியும்? நிறுத்துப் பார்ப்பார், முத்திரை வைப்பார், நீதவானிடம் கொண்டுபோவார். மாதிரி பத்தரமுல்லை பெலவத்தையில் இருக்கிற அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகும். அறிக்கை வரும்வரை ஆள் விளக்கமறியலில். கொப்பியைக் கொண்டுவந்து காட்ட வீட்டில் ஆள் இருந்தால் சரி.

அந்த இடத்திலேயே சோதித்துப் பார்க்கலாமே என்பீர்கள். ஐஸ் என்றால் பார்க்கலாம். மார்க்கி திரவம் ஒரு சொட்டு விட்டால் செம்மஞ்சள், பிறகு கபிலம். சைமன் திரவம் விட்டால் நீலம். ஹெரோயினுக்கு மார்க்கியில் ஊதா. பிரிகாபலினுக்கு இவை உதவாது. அதன் மூலக்கூறில் அரோமற்றிக் வளையம், அதாவது பென்சீன் மாதிரியான வளையம், கிடையாது. அதனால் புறஊதா ஒளியை வைத்து அளப்பதும் இலேசில் நடக்காது. ஆய்வுகூடத்தில் முதலில் வேறொரு பொருளோடு தாக்கமுறச் செய்து பிறகு அளப்பார்கள், இல்லையென்றால் மூலக்கூறின் நிறையை வைத்து அடையாளம் காண்கிற திணிவு நிறமாலைமானி வேண்டும். சலப் பரிசோதனைக்குக் கொடுக்கிற சாதாரணக் கிட்டுகளும் பிரிகாபலினைக் காட்டா. "பிள்ளைக்குச் சலம் சோதிச்சம், ஒண்டும் இல்லை" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிற பெற்றோருக்கு இதை யாராவது சொல்லுங்கள். வீடியோ எடுக்கிற நேரத்தில் கொஞ்சத்தை இதற்குச் செலவழிக்கலாம்.

அடுத்த ஆள்: "தண்டனை கடுமையா இருந்தாத்தான் பயப்படுவான்."

ஹெரோயினுக்கு 1984 முதல் மரண தண்டனை இருக்கிறது. நாற்பது வருசம். கடைசியாக இந்த நாட்டில் ஒருவரைத் தூக்கிலிட்டது 1976இல். 2019இல் நான்கு பேரைத் தூக்கிலிடப் போவதாக அன்றைய சனாதிபதி அறிவித்தார், உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. இத்தனைக்கும் நடுவில் தூள் குறைந்ததா? உப்புவெளியிலோ கிண்ணியாவிலோ பிள்ளை வளர்க்கிறவர்களைக் கேளுங்கள். ஐஸ் சட்டத்தில் ஏறிய பிறகு ஐஸ் குறைந்ததா? நீங்களே உங்கள் பக்கத்தில் வாராவாரம் போடுகிறீர்களே, அதையே ஒருமுறை வாசியுங்கள்.

"நீ மருந்துக்கடைக்காரன், உன்ர வியாபாரத்துக்காகக் கதைக்கிறாய்." இதற்குப் பதில் சொல்லப் போவதில்லை. ஒரு அட்டையில் என்ன மிஞ்சும் என்று தெரிந்தவர் இப்படி எழுத மாட்டார்.

ஆனால் கெப்சியூல் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பதில் சொல்கிறேன். கற்பிட்டியிலும் மன்னார் கரையிலும் கடற்படை மூட்டை மூட்டையாகப் பிடித்ததை நீங்களும் செய்தியில் பார்த்தீர்கள். படகில் வருகிற சரக்குக்கு மருத்துவச் சீட்டும் இல்லை, பதிவும் இல்லை. கடையில் இருக்கிற மருந்துக்கு இறக்குமதியாளர் பெயர், தொகுதி இலக்கம், பில் எல்லாம் இருக்கும். அந்த வீடியோவில் அட்டையைத் தூக்கிக் காட்டுகிறவர் அதைத் திருப்பி இலக்கத்தைப் படித்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கிற விடயம். படிக்கவில்லை. அதற்குப் பதிலாக வேலைக்கு நின்ற பிள்ளையின் முகத்தைக் கிட்டப்போய்ப் படம் பிடித்தார். அவளுக்கு வயது என்ன என்று யாராவது யோசித்தீர்களா? "தூள்காரி" என்று கீழே எழுதியவர்களில் இரண்டு பேருக்கு அவளுடைய குடும்பத்தைத் தெரியும் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, கடைகளில் ஓட்டையே இல்லையா? இருக்கிறது, அதையும் நானே சொல்கிறேன். வைத்தியரின் துண்டில் 10 என்று எழுதியதை 40 ஆக்குவது, 1 வாரத்தை 11 ஆக்குவது, நிறப் பிரதி எடுத்து ஐந்து கடையில் காட்டுவது, வைத்தியரின் முத்திரையையே செய்துகொண்டு வருவது. ஒரு கடையில் "கொடுத்தாயிற்று" என்று முத்திரை குத்தி மூலத் துண்டைத் திருப்பிக் கொடுத்தால், முத்திரை குத்துவதற்கு முன் எடுத்த பிரதி அடுத்த கடைக்குப் போகிறது. இதை மறிக்கிற வழி புதிதில்லை. பிரித்தானியா 2019 ஏப்ரல் 1 முதல் பிரிகாபலினையும் அதே இனத்து மருந்தான கபபென்டினையும் போதைப்பொருள் சட்டத்தின் ஆகக் கீழ் வகுப்பான சி வகுப்பில் வைத்தது. மொத்த அளவை இலக்கத்திலும் எழுத்திலும் எழுத வேண்டும். "60" என்று மட்டும் எழுதினால் செல்லாது, "அறுபது" என்றும் இருக்க வேண்டும், அப்போது 1 ஐ 11 ஆக்க முடியாது. சீட்டு 28 நாளுக்குத்தான் செல்லும். ஒரு தடவையில் 30 நாளுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று அறிவுறுத்தல். சீட்டில்லாமல் வைத்திருந்தால் 2 வருசம் வரை, விற்றால் 14 வருசம் வரை சிறை. அமெரிக்கா 2005லேயே ஐந்தாம் அட்டவணையில் வைத்தது, அதுதான் அங்கே ஆகக் கீழ் அட்டவணை. இரண்டு நாடும் சேர்த்திருக்கிறது, பாருங்கள். இரண்டும் ஹெரோயினுக்குப் பக்கத்தில் வைக்கவில்லை.

"அப்ப அது ஆபத்தில்லையோ?" ஆபத்துத்தான். தனியே எடுத்தால் மயக்கம், தள்ளாட்டம். தூளோடும் மதுவோடும் சேர்ந்தால் மூச்சு மெதுவாகி நின்றும் போகலாம். தூளை முறிக்கக் கொடுக்கிற நலொக்சோன் தூளை மட்டும்தான் முறிக்கும், பிரிகாபலினைத் தொடாது. சிறுநீரகம் பலவீனமானவருக்குச் சாதாரண அளவே கூடிவிடும், ஏனென்றால் அது மாறாமல் அப்படியே சலத்தோடுதான் வெளியேறுகிறது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியற்றினின் வெளியேற்றம் 60க்குக் கீழே போனால் அளவைப் பாதியாக்க வேண்டும். வயது போனவர்களுக்கு அதைப் பார்க்காமல் எழுதுகிற வைத்தியர்களும் இருக்கிறார்கள், எழுதித் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் வீடியோ போடமாட்டீர்கள், நாளைக்குக் காய்ச்சல் வந்தால் அவர்களிடம்தானே போகவேண்டும்.

அந்த வீடியோவுக்குப் பிறகு நகரில் சில கடைகள் இந்த மருந்தே வேண்டாம் என்று நிறுத்திவிட்டன. குற்றம் சொல்ல மாட்டேன், யாருக்கு வேண்டும் இந்த அவமானம். மூதூரில் இருந்து வந்த ஒரு தகப்பன், மகளின் வலிப்பு மருந்தில் இது இரண்டாவது மருந்து, கடை கடையாகக் கேட்டுத் திரிந்தார். கேட்ட இடத்தில் இரண்டு பேர் அவரை மேலும் கீழும் பார்த்தார்களாம். எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று தெரியும். வலிப்புக்காரருக்கு இதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கூடி வரும். மற்றவர்களுக்கும் நித்திரை போகும், வியர்க்கும், வயிற்றைப் பிரட்டும். நிறுத்துவதென்றால் குறைந்தது ஒரு வாரத்துக்குப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், நாள்பட எடுத்தவருக்கு அதைவிட மெதுவாக. தகப்பன் வெறுங்கையோடு போகாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது யார் தெரியுமா? நீங்கள் தூள்காரி என்ற அதே பிள்ளை.

இன்னொன்று. பெயரைப் பட்டியலில் போட்டால் சரக்கு நின்றுவிடும் என்ற நம்பிக்கை. இந்தியா 2018இல் ட்ரமடோல் என்ற வலி மருந்தைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பிறகு அதே மாதிரி வலி மருந்தான டபென்டடோல் தெருவுக்கு வந்தது. பிரித்தானியா 2024 மார்ச்சில் நிட்டசீன் என்ற செயற்கை அபின் இனத்தில் 14ஐப் பெயர் பெயராகச் சேர்த்தது. அடுத்த ஜனவரியிலேயே இனத்தையே மொத்தமாக வரைவிலக்கணப்படுத்த வேண்டி வந்தது, ஏனென்றால் ஒரு பக்கக் கிளையை மாற்றினால் பட்டியலில் இல்லாத புதுப் பொருள். நாளைக்கு பிரிகாபலின் கிடைக்காவிட்டால் நம் பெடியன்கள் எதற்குப் போவார்கள்? கபபென்டினுக்கா? தூக்கக் குளிசைக்கா? யோசித்து வைத்திருக்கிறீர்களா? அல்லது அதற்கும் ஒரு வீடியோதானா?

விட முடியாத பிள்ளை எங்கே போவான் என்ற கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அழைக்கலாம். தங்கி நின்று சிகிச்சை பெறுகிற அவர்களுடைய நிலையங்கள் என்று நமக்குத் தெரிந்தவை தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், திருகோணமலைக்கு எது கிட்ட? அங்கே போனால் எந்த மொழியில் கதைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மற்றது கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையம். 2022இல் அங்கே என்ன நடந்தது, எத்தனை பேர் வேலி பாய்ந்து ஓடினார்கள் என்று தெரிந்தவர் தன் பிள்ளையை அனுப்புவாரா? அடுத்தவன் பிள்ளை என்றால் மட்டும் "கொண்டுபோய்ப் போடு" என்று எழுதுகிறீர்கள். நம் மாவட்டத்தில் பத்துக் கட்டிலோடு ஒரு வார்ட் கேட்டு ஒரு கையெழுத்துக்கூட இதுவரை என் கண்ணில் படவில்லை. தூக்குக்கயிறு கேட்டு மட்டும் ஆயிரம் விரல்.

பாராளுமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். கொடுங்கள். கொடுக்கும்போது இவற்றை எழுதுங்கள்: ஹெரோயின், ஐஸ் வரிசை வேண்டாம், தனி வரிசை. நிறை அளவு மாத மருந்தைவிட மிக மேலே இருக்க வேண்டும், 18 கிராம் எடுக்கிற நோயாளியும் இருக்கிறார் என்பதை மறக்காமல். சீட்டு வைத்திருப்பவருக்கும் அவருக்காக வாங்கப் போகிறவருக்கும் வெளிப்படையான விலக்கு. இரட்டைப் பிரதிச் சீட்டு, ஒன்று கடையில் நிற்க வேண்டும். அளவு எழுத்திலும். மாகாணத்துக்கு ஒரு ஆய்வுகூடம், பெலவத்தைக்கு மாதிரி போய்வருகிற வரை ஆள் உள்ளே கிடக்கக் கூடாது. கடலில் வருகிற மூட்டைக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் போடுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

இதையும் "மருந்துக்கடைக்காரன்ர வக்காலத்து" என்று தலைப்புப் போட்டுப் பகிரப் போகிறவர்களுக்கு: பகிருங்கள், 4.5 கிராம் கணக்கு இருக்கிற பந்தியை மட்டும் வெட்டாமல் பகிருங்கள். கணக்குப் பிழை என்றால் கீழே எழுதுங்கள், திருத்துகிறேன். அந்தப் பிள்ளையின் படத்தோடு வருகிறவர்களை புளொக் பண்ணுவேன்.